கொரீனின் இருபது தோட்டாக்கள்

என் மனைவி கொரீன் பள்ளிப் பேருந்து ஓட்டத் தொடங்கி இந்த வருஷத்தோடு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. விழா மலரில் போட அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆற்றுக்கு மேலே ஒரு பண்ணையில் பிறந்தது, அப்பா வேலிக்கம்பி கட்டுகிறவர், தினம் அறுபத்து நாலு மைல் ஓட்டுகிறாள், பனியில் ஒரு தடவைகூட வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதில்லை, எல்லாம் அதில் இருக்கிறது. அந்த அரைப் பக்கத்தில் அடங்காத மீதிதான் இது. யாரும் கேட்கவில்லைதான். ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் பொறாமை பிடித்தவன். என் பெயர் வெர்ன், வீடுகளுக்கு கேஸ் லாரி ஓட்டுகிறவன், ஐம்பத்தொன்பது வயது, இந்த வயதில் சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து வயிறு எரிந்தவன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களுக்குப் பின்னால் நிற்கிற மலையின் மேற்குப் பக்கம் பெரிய கொம்பன்கள், அதாவது கொம்பு வைத்த ஆண் எல்க் மான்கள், திரியும் இடம். அங்கே எல்க் சுட வருஷத்துக்கு நாற்பது பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு. குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். எங்கள் வயோமிங் மாநிலக் குலுக்கலில் நீ எத்தனை வருஷம் காத்திருந்தாய் என்று ஒரு நாய்கூடக் கேட்காது. நேற்று முதல் தடவையாகப் பெயர் போட்டவனும், பதினாறு வருஷமாகப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்த நானும் அங்கே ஒன்றுதான்.

போன வருஷம் மே மாதம் கொரீன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, இந்தத் தடவை தானும் பெயர் போடப் போவதாகச் சொன்னாள். இரண்டு பேர் பெயரையும் ஒரே குழுவாகச் சேர்த்துப் போடலாமா என்று கேட்டாள். அப்படிப் போட்டால் விழுந்தால் இருவருக்கும் விழும், இல்லையென்றால் இருவருக்கும் இல்லை. நான் சிரித்துவிட்டேன். தீயணைப்பு நிலையத்துக் குலுக்கலில் ஒரு வான்கோழிகூட ஜெயிக்காதவள் அவள். அந்த ராசியை என் பெயரோடு ஒட்டவைத்தால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்று சொன்னேன். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் தனியாகப் போட்டாள்.

ஜூனில் முடிவு வந்தது. அவளுக்கு விழுந்தது.

கம்ப்யூட்டர் திரையில் அவள் பெயருக்கு நேரே "வெற்றி" என்றும் என் பெயருக்கு நேரே "இல்லை" என்றும் இருந்ததை நான் நாலு தடவை படித்தேன். அவள் பின்னால் வந்து நின்று பார்த்தாள். துள்ளவில்லை, கத்தவில்லை. என் தோளில் கையை வைத்து, அடுத்த வருஷம் உனக்கு விழும் என்றாள். அவள் அன்றைக்குக் குதித்துக் கொண்டாடியிருந்தால்கூட என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும் என்று நினைக்கிறேன். அந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, போனது போகட்டும், தோட்டாவையாவது நான் தேர்ந்தெடுத்துக் கொடுப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒருத்தன் எந்தக் கோவிலுக்குப் போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. என்ன தோட்டா சுடுகிறான் என்றுதான் கேட்பார்கள். முந்நூறு மேக்னம் ஆட்கள் ஒரு மேஜை, ஆறரைக்காரர்கள் ஒரு மேஜை, தாத்தா காலத்து முப்பது-ஆறை விடாதவர்கள் ஜன்னலோரம் என்று காலைக் காப்பிக்கடையிலேயே தோட்டாவின் பெயரால் பிரிந்துதான் உட்காருவார்கள். நான் முப்பது வருஷமாக முந்நூறு மேக்னம். ஆளை உதைத்துத் தள்ளும், ஆனால் அறுநூறு கஜத்துக்கு அப்பாலும் எல்க்கை விழவைக்கிற வலு அதில் இருக்கிறது. அன்று சாப்பாட்டு மேஜையில் குண்டின் எடை, வேகம், ஐந்நூறு கஜத்தில் எத்தனை அங்குலம் இறங்கும், காற்று அடித்தால் எவ்வளவு தள்ளும் என்று முக்கால் மணி நேரம் அவளுக்கு விளக்கினேன். அவள் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுல நீ கடைசியா எல்க்கைச் சுட்டது எவ்வளவு தூரத்துல?"

அவளுக்குத் தெரியாததா? அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். நான் உப்பை எடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் ஆர்லன் வீட்டுக்குப் போனாள்.

ஆர்லன் மாவட்டத்து ரோட்டில் மண் சமன் செய்கிற இயந்திரம் ஓட்டுகிறவன். குளிர்காலத்தில் பனி தள்ளுவான். அவன் தள்ளிய ரோட்டில்தான் கொரீன் பேருந்து ஓட்டுவாள், அந்தப் பழக்கம். கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மேஜை போட்டு, பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை அளந்து கொட்டி, குண்டைப் பொருத்தி, தன் தோட்டாக்களைத் தானே அடைத்துக்கொள்கிறவன். நானும்தான் அடைக்கிறேன். ஆனால் ஊரில் யாரும் என்னிடம் வந்து கேட்பதில்லை. அவனிடம் போய் நிற்பார்கள். இத்தனைக்கும் அவன் வாயைத் திறந்து முழுசாக நாலு வார்த்தை பேச மாட்டான். அந்த ஆளிடம் என் மனைவி பதினோரு சனிக்கிழமை போனாள். நான் எண்ணினேன்.

சந்தேகப்பட அங்கே ஒன்றுமில்லை. ஆர்லனின் மனைவி நெட்ரா அதே கொட்டகையில் பீச் பழங்களைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே இருப்பாளாம். அதெல்லாம் தெரிந்தும் எரிந்தது. இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவள் என்னிடம் தோட்டாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அங்கே போய் என்ன கேட்கிறாள்? அவன் என்ன சொல்கிறான்? அவள் திரும்பி வரும்போது கையில் மருந்து வாசனையும் பீச் வாசனையும் சேர்ந்து அடிக்கும். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை, பேப்பர் தட்டு என்பாள்.

அந்தப் பேப்பர் தட்டு விஷயம் எனக்கு ஆகஸ்டில்தான் புரிந்தது. கேஸ் இறக்கப் போகிற வழியில் ஊருக்கு வெளியே உள்ள சரளைக்கல் குழியில் அவளுடைய பிக்கப் வண்டி நிற்பதைப் பார்த்து லாரியை நிறுத்தினேன். நெட்ரா அதன் பின்பலகையில் உட்கார்ந்து பாட்டில் பீச்சைத் தின்றுகொண்டிருந்தாள். ஆர்லன் மண்மேட்டில் வெள்ளைப் பேப்பர் தட்டு ஒன்றைக் குத்தி வைத்திருந்தான், பிறந்தநாளுக்கு கேக் வைத்துத் தருவோமே அந்தத் தட்டு. எல்க்கின் நெஞ்சில் குண்டு போய்ச் சேரவேண்டிய இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். கொரீன் சரிவில் மேலும் கீழுமாக ஓடி, மூச்சு வாங்க வந்து படுத்து, ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்தும் தட்டில் பட்டால் ஐம்பது கஜம் பின்னால் போகலாம். ஒன்று தப்பினாலும் அதோடு நிறுத்தி, ஐம்பது கஜம் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தோட்டாவில் அவளுடைய தூரம் அதுதான். அதற்கு மேல் எவ்வளவு பெரிய கொம்பன் நின்றாலும் சுடக்கூடாது.

அப்படி நாலு விதமான தோட்டாக்களை அவள் பரீட்சித்திருந்தாள். என் பெருமைக்குரிய முந்நூறு மேக்னத்தில் அவள் தூரம் இருநூறு கஜம். முப்பது-ஆறில் இருநூற்றைம்பது, ஆறரையில் முந்நூறு. ஏழு-எட்டு என்கிற ஒரு சின்னத் தோட்டா, நான் அதை அணில் சுடுகிற தோட்டா என்று கிண்டல் பண்ணுவேன், அதில் முந்நூற்றைம்பது. ஒரு நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் கன்றாது, அடுத்த குண்டைப் போடக் கை தயங்காது. முந்நூற்றைம்பதில் ஒரு எல்க்கை முடிக்கிற வலு அதற்குப் போதும். ஆக, காகிதத்தில் அறுநூறு கஜம் போகிற தோட்டாவைவிட, காகிதத்தில் நானூறுதான் போகிற தோட்டா அவளை அதிக தூரம் கொண்டுபோய்விட்டது. அதை அங்கேயே நின்று ஒத்துக்கொண்டிருந்தால் நான் மனுஷன்.

நான் என்ன செய்தேன்? லாரியிலிருந்து என் துப்பாக்கியை எடுத்துவந்து, விலகு, முந்நூறு மேக்னம் என்றால் என்ன என்று காட்டுகிறேன் என்று படுத்தேன்.

ஆர்லன் ஒரு நிபந்தனை வைத்தான். அங்கே சுடுகிற யாரும் தன் துப்பாக்கியில் தானே தோட்டா போடக்கூடாதாம். பக்கத்தில் இருப்பவர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கு கொரீன் போட்டுக் கொடுத்தாள். முதல் குண்டு பெருஞ்சத்தத்தோடு போய்த் தட்டின் ஓரத்தைக் கிழித்தது. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது தடவை விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை. டிக் என்று ஒரு சத்தம். அவள் போட்டது மருந்தில்லாத பொய்த் தோட்டா. வெடி வந்திருந்தால் அந்த உதையில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. வெடி இல்லாததால் மூன்று பேருக்கும் நன்றாகத் தெரிந்தது: உதைக்கப் போகிறது என்று பயந்து என் தோள் முன்னால் பாய்ந்தது, குழல் நாலு விரல் கீழே குத்தியது, என் கண் இரண்டும் இறுக மூடியிருந்தன.

நெட்ரா பீச் பாட்டில் மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டாள். ஆர்லன் ஒன்றும் சொல்லாமல் மலையைப் பார்த்தான். பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கொரீன் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"இது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும் வெர்ன். அந்தப் பெண் எல்க்கைச் சுட்டப்பவும் நீ கண்ணை மூடினே."

அந்தக் கதை இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பகுதியில், அறுநூற்றுப் பன்னிரண்டு கஜத்தில் நான் ஒரு பெண் எல்க்கைச் சுட்டேன். ஊரில் சுத்தமாகக் குறி தப்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். தப்பவில்லை. வயிற்றில் பட்டது. நானும் கொரீனும் இரண்டு நாள் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அது படுத்த இடங்கள், எழுந்த இடங்கள், மறுபடி படுத்த இடங்கள். இரண்டாம் நாள் மத்தியானம் பனி பெய்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் வண்டியை ஓட்டினாள். காப்பிக்கடையில் நான் சொன்ன பொய்யை அவள் திருத்தவில்லை.

இப்படியெல்லாம் இருக்கும்போது ஒரு நல்ல மனுஷன் அடங்கிப் போவான். எனக்கு இன்னும் மோசமாகக் கிளம்பியது. செப்டம்பர் நடுவில் அவள் ஆர்லன் வீட்டிலிருந்து நீல மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே இருபது ஏழு-எட்டுத் தோட்டாக்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பாக ஒரு பொட்டு. நகப்பாலிஷ். ஈரம் உள்ளே போகாமல் இருக்க அடியில் அப்படிப் பூசுவார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் புத்திக்கு எட்டியது வேறு. இன்னொருத்தன் உட்கார்ந்து என் பெண்டாட்டிக்கு இருபது பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறான். அவள் அந்த மலையில் கொம்பனைச் சாய்த்தால் ஊர் முழுக்க என்ன பேசும்? ஆர்லன் தோட்டா என்று பேசும். சீட்டும் எனக்கில்லை, குறியும் எனக்கில்லை, தோட்டாவாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிசாசு ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஏழு-எட்டு அடைக்க வேண்டிய அச்சும் குண்டும் வாங்கத் தொண்ணூறு மைல் ஓட்டிக்கொண்டு போனேன், உள்ளூரில் வாங்கினால் ஆர்லன் காதுக்குப் போய்விடும். அவள் பேருந்தில் போயிருக்கும் நேரத்தில் இருபது தோட்டா அடைத்தேன். அவனுடையதைவிட இலேசான குண்டு, அவனுடையதைவிட அதிக மருந்து. அவளுடைய துப்பாக்கியில் நூறு கஜத்தில் மூன்று சுட்டுப் பார்த்தேன். மூன்றும் மையத்துக்கு இரண்டு அங்குலம் இடது பக்கம் போய்ச் சேர்ந்தன. இரண்டு அங்குலம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுட்ட மூன்றுக்கு வேறு மூன்று அடைத்தேன். குளியலறை அலமாரியில் இருந்த அவளுடைய சிவப்பு நகப்பாலிஷை எடுத்து இருபதுக்கும் பொட்டு வைத்தேன். பெட்டியில் என்னுடையதை வைத்துவிட்டு, அதிலிருந்ததைக் கொட்டகையில் பழைய காப்பித்தூள் டின்னில் போட்டு ஆணிகளால் மூடினேன். கைகழுவும்போது விரலில் சிவப்பு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.

அக்டோபர் இரண்டாம் வாரம் மலைக்குப் போனோம். என்னை ஏன் கூப்பிட்டாள் என்றால், சுடுவதற்கு ஒரு ஆள் போதும், வெட்டி இறக்குவதற்கு ஒரு ஆள் போதாது. ஒரு பெரிய கொம்பனைத் துண்டு போட்டால் முதுகில் நாலைந்து நடை வரும். எங்கள் ஊரில் ஒருவரைக் கறி சுமக்கக் கூப்பிடுவது சாதாரண விஷயமில்லை. சாவு வீட்டுக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். கூப்பிட்டும் சுமக்க வராதவனை மன்னிக்க மாட்டார்கள். அதே மாதிரி, உன்னைக் கூப்பிடாமல் வேறொருவனைக் கூப்பிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு, அது ஊருக்கே புரியும்.

இரண்டு நாள் காற்றும் மூடுபனியும். கொரீன் ஒரு தடவை அலுத்துக்கொள்ளவில்லை. பேருந்தில் கூச்சல் போடுகிற முப்பது பிள்ளைகளைச் சமாளித்துப் பழகியவளுக்குக் காத்திருப்பது ஒரு வேலையே இல்லை. கல்லில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு சரிவை இடமிருந்து வலமாகவும் பிறகு வலமிருந்து இடமாகவும் பைனாகுலரில் துழாவுவாள், பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அடிக்கடி திரும்பியும் பார்த்துக்கொள்வாள். நான் பக்கத்தில் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அவளுடைய கால்சட்டைப் பையில் குலுங்குகிற தோட்டாக்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை அவை உரசும்போதும் எனக்கு அந்த இரண்டு அங்குலம் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் வெயில் அடித்தது. எதிர்ச் சரிவில் ஆஸ்பன் மரங்களின் ஓரத்தில் அவள்தான் முதலில் பார்த்தாள். பக்கத்துக்கு ஆறு கிளைக் கொம்பு. பதினாறு வருஷம் நான் கனவில் கண்ட அதே மிருகம், அவளுக்காகப் புல் மேய்ந்துகொண்டு நின்றது. தூரம் பார்க்கும் கருவியில் அளந்து இருநூற்று எண்பத்தெட்டு என்று சொன்னேன். அவள் முதுகுப்பையை முன்னால் போட்டு, அதன்மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்தாள். கொம்பன் வலது பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, தன் பக்கவாட்டு உடம்பு முழுவதையும் எங்களுக்குக் காட்டி நின்றது. அவளுடைய மூச்சு மெல்ல அடங்குவது எனக்குக் கேட்டது.

அது வலது பக்கம் பார்த்து நிற்கிறது. குண்டு இடது பக்கம் இழுக்கும். நூறில் இரண்டு அங்குலம் என்றால் இங்கே ஆறு. நெஞ்சைக் குறிபார்த்தால் அந்த ஆறு அங்குலம் பின்னால் தள்ளிப் போய் விலா தாண்டும். காற்றும் அந்தப் பக்கம்தான் தள்ளியது. வயிறு. பனியில் படுத்து எழுந்த அந்தப் பெண் எல்க் என் கண் முன்னால் வந்தது. இந்தத் தடவை இரண்டு நாள் நடக்கப் போவது கொரீன். ஊரில் சொல்லப் போகிறவளும் அவள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தச் சின்னத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது தப்பு, என் கை சரியில்லை என்று சாகிற வரைக்கும் அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒரு மனுஷனுக்கும் தெரியாது. ஜெயித்தால் என் தோட்டா, தோற்றால் ஆர்லன் தோட்டா. நான் அப்படியும் ஒரு நொடி நினைத்தேன், அதை மறைக்கவில்லை.

"கொரீன், சுடாதே."

அவள் குறிபார்க்கும் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன்?"

"உள்ளே இருக்கிறது ஆர்லன் தோட்டா இல்ல. என்னுது. மாத்தி வச்சிட்டேன். அது இடது பக்கம் இழுக்குது."

"எவ்வளவு?"

"இவ்வளவு தூரத்துக்கு ஆறு அங்குலம். கூடவும் இருக்கலாம்."

"அப்ப வயித்துல படும்."

"ஆமா."

கொம்பன் தலையைத் தூக்கி, மறுபடி குனிந்தது. அவ்வளவுதான், எழுந்து போய்விடுவாள், இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் முகத்தில் எறியப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"சரி. காதைப் பொத்திக்கோ," என்றாள்.

நான் வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் சுட்டுவிட்டாள். எதிர்ச் சரிவிலிருந்து குண்டு பட்ட சத்தம் திரும்பி வந்தது. கொம்பன் மூன்று அடி நடந்தது. நாலாவது அடியில் முன்னங்கால் மடிந்து, பக்கவாட்டில் சரிந்து, அதற்கப்புறம் அசையவே இல்லை. அவள் அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிஷம் காத்திருந்தாள். பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள். புல்லில் விழுந்த காலிக் கூட்டைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அதில் மருந்து வாசனை இன்னும் போகவில்லை. அடியில் பொட்டு கருஞ்சிவப்பு, உலர்ந்த செர்ரியின் நிறம்.

"நீ பூசினது தக்காளிச் சிவப்பு," என்றாள். "தோட்டாவுக்குப் பூசின குப்பி ஆர்லன் மேஜையிலயே இருக்கு, அது வேற சிவப்பு. பெட்டியைத் திறந்த அன்னைக்கே பார்த்துட்டேன். காப்பித்தூள் டின்லேர்ந்து என்னுதை எடுத்துக்கிட்டேன். எதையும் நீ ஒளிச்சு வைக்கிற இடம் அது ஒண்ணுதானே."

ஆர்லன் உனக்கு நல்ல தோட்டாதான் அடைத்துக் கொடுத்திருக்கிறான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"ஆர்லன் அடைச்சதா? அவன் கிட்ட நான் கத்துக்கிட்டேன். அந்த இருபதும் நான் அடைச்சது. பதினோரு சனிக்கிழமை எதுக்குப் போனேன்னு நினைச்சே?"

இன்னொருவனுடையது என்று நினைத்து நான் ஆணிக்கடியில் புதைத்தது அவளுடைய கைவேலை. வீட்டிலேயே அச்சும் தராசும் இருக்கிறதே, என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். குரல் கெஞ்சலாக வந்தது, எனக்கே பிடிக்கவில்லை.

"உன்கிட்ட கேட்டிருந்தா, தள்ளு நான் செய்றேன்னு என் கையிலேர்ந்து வாங்கி நீயே அடைச்சிருப்பே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்தில் ஏறும் பிள்ளையிடம் பையை மடியில் வைத்துக்கொள் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

கொம்பனை நோக்கிப் பள்ளத்தில் இறங்கும்போது நான் கேட்டேன், எல்லாம் தெரிந்தும் ஏன் மூன்று வாரம் சும்மா இருந்தாய், நான் சொல்லாமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. அவள் ஒரு விழுந்த மரத்தைத் தாண்டுவதற்காக என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பவும் சுட்டிருப்பேன். அது உனக்காக நிக்கலையே. ஆனா அடிவாரத்துல ஆர்லன் ரெண்டு கோவேறு கழுதையோட இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கான். நீ சொல்லாம இருந்திருந்தா அவனை மேலே வரச் சொல்லிட்டு, உன்னைக் கூடாரத்தைக் கழட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பேன்."

ஊர் முழுக்கப் புரிந்திருக்கும் அர்த்தம் அது. கொம்பன் பக்கத்தில் போய் நான் கத்தியைத் தீட்டினேன்.

நாலு மைல், ஐந்து நடை. முதல் நடையில் ஒரு பின்னங்காலை முழுசாக என் முதுகில் கட்டச் சொன்னேன். அவள் பாதியாக வெட்டலாம் என்றாள், நான் கேட்கவில்லை. கறியின் இரத்தம் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. வழியில் மூன்று தடவை விழுந்தேன். அவள் முன்னங்காலைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தாள். நான் விழுகிற ஒவ்வொரு தடவையும் நின்றாள், ஆனால் தூக்கிவிட வரவில்லை. அடிவாரத்தில் ஆர்லன் எங்களைப் பார்த்து, கழுதைகளைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தான். தொப்பியைத் தொட்டுவிட்டு, கழுதைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவன் இன்று வரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, அதற்காகவும் அவன் மேல் எனக்கு எரிச்சல்தான்.

காப்பிக்கடையில் இப்போது அவளுக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. மேக்னம் மேஜையில் இருந்த இரண்டு பேர் ஏழு-எட்டு வாங்கிவிட்டார்கள். அவள் தோட்டா எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று யாராவது கேட்டால் ஒரு பேப்பர் தட்டைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமைகளில் சரளைக்கல் குழிக்குப் போய், சின்னத் தோட்டாவில், கண்ணைத் திறந்துகொண்டு சுடப் பழகுகிறேன். கொரீன்தான் தோட்டா போட்டுக் கொடுக்கிறாள். எது நிஜம் எது பொய் என்று சொல்வதில்லை. போன வாரம் என் தூரம் நூற்றைம்பது கஜம்.

மே மாதம் வந்துவிட்டது. மலையின் மேற்குப் பக்கத்துக்கு மறுபடி பெயர் போட வேண்டும். இந்தத் தடவை நானே போய்க் கேட்டேன், இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போடலாமா என்று. அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

கடைசி நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.